மாத்திரைக் கம்பெனியின் பந்தாட்ட அணி: பேயர் 04 லெவர்குசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவைப் பார்க்க ஆரம்பிக்கிற யாருக்கும் சீக்கிரமே இந்த அணியைப் பற்றிச் சந்தேகங்கள் வந்துவிடும். ஆஸ்பிரின் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் எப்படி அணியின் பெயரில் இருக்கிறது? கம்பெனி அணி என்றால் காசு கொடுத்து வாங்கியதா? இத்தனை வருடம் கோப்பை ஏதும் இல்லாமல் இருந்துவிட்டு 2024-இல் திடீரென்று எப்படி ஒரு தோல்வியும் இல்லாமல் சாம்பியன் ஆனார்கள்? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பேயரும் பேயர்னும் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருவதுதான். பேயர்ன் என்பது பவேரியா மாநிலத்தின் ஜெர்மன் பெயர். அதன் தலைநகரம் மியூனிக், அந்த ஊர் அணி பேயர்ன் மியூனிக். பேயர் என்பதோ ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஃபிரீட்ரிக் பேயர் என்ற சாய வியாபாரியும், துணிக்குச் சாயம் ஏற்றும் தொழில் தெரிந்த யோகான் வெஸ்கொட் என்பவரும் சேர்ந்து 1863-இல் பார்மன் என்ற ஊரில் தொடங்கிய சாயக் கம்பெனிதான் பின்னால் மருந்து நிறுவனமாக வளர்ந்த பேயர். லெவர்குசன் இருப்பது நாட்டின் மேற்கே, கொலோன் நகரத்தை ஒட்டி, ரைன் ஆற்றங்கரையில். இரண்டு அணிகளும் ஒன்றையொன்று வெறுக்கும் அளவுக்கு நெருங்கிய பகையும் கிடையாது. லெவர்குசனுக்கு நிஜமான பக்கத்து வீட்டுச் சண்டை கொலோனோடுதான்.

அணியைத் தொடங்கியது கம்பெனியா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தொடங்கியது கம்பெனி அல்ல, கம்பெனியில் வேலை செய்தவர்கள். 1903 நவம்பர் 27 அன்று வில்ஹெல்ம் ஹவுஷில்ட் என்ற தொழிலாளி, ஒரு விளையாட்டுச் சங்கம் அமைக்க உதவி கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கூட வேலை பார்த்த 170 பேர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாகம் சரி என்றது. 1904 ஜூலை 1 அன்று சங்கம் பிறந்தது. பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘04’ அந்த ஆண்டைக் குறிப்பது.

பணக்காரக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காக ஓர் அணியை விலைக்கு வாங்குவதற்கும், தொழிலாளிகள் மனுப்போட்டு ஓர் அணியைப் பெறுவதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. லெவர்குசனைப் பற்றி நடக்கிற விவாதங்களில் பாதி இந்த வித்தியாசம் தெரியாமல் நடப்பவை.

ஊர் முதலில் வந்ததா, கம்பெனி முதலில் வந்ததா?

கம்பெனிதான், அதுவும் பேயருக்கு முன்னால் இருந்த கம்பெனி. கார்ல் லெவர்குஸ் என்ற மருந்தாளர் 1860-களின் தொடக்கத்தில் வீஸ்டார்ஃப் கிராமத்தின் அருகே நீலச்சாய ஆலை ஒன்றைக் கட்டினார். ஆலையைச் சுற்றி உருவான குடியிருப்புக்குத் தன் குடும்பப் பெயரைச் சேர்த்து லெவர்குசன் என்று பெயர் வைத்தார். 1891-இல் அந்த ஆலையை பேயர் வாங்கியது. 1912-இல் தலைமையகமே அங்கு வந்தது. சுற்றியிருந்த ஊர்களை இணைத்து லெவர்குசன் என்ற நகராட்சி உருவானது 1930-இல்தான். ஆக, ஊரைவிட அணிக்கு வயது அதிகம். அணி பிறந்து 26 வருடம் கழித்துத்தான் அதன் பெயரில் இருக்கும் நகரமே சட்டப்படி உருவானது!

விளையாட்டுச் சங்கம் கேட்டதும் நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டதற்கு என்ன காரணம்?

நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை. ஆலை வளர்ந்துகொண்டே இருந்தது, ஆள் தேவைப்பட்டது. ஆனால் ஆற்றங்கரையில் வயல்களுக்கு நடுவே இருந்த அந்த இடத்துக்கு நகரத்திலிருந்து குடிபெயர யாருக்கும் விருப்பமில்லை. வந்தவர்களும் தங்கவில்லை. அதனால் நிர்வாகம் வீடுகள் கட்டிக்கொடுத்தது, கடை வைத்தது, நூலகம் திறந்தது, ஊழியர்களுக்கென்று ஓர் இசைக்குழுவையும் ஆதரித்தது. விளையாட்டுச் சங்கமும் அதே வரிசையில் வந்த ஒன்று. வேலை முடிந்த பிறகும் தொழிலாளி ஊரிலேயே இருக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அந்தக் காலத்து ஜெர்மன் ஆலை முதலாளிகள் பலர் இப்படித்தான் யோசித்தார்கள். தொழிலாளி சந்தோஷமாக இருந்தால் தொழிற்சங்கம் வைத்துச் சண்டைக்கு வரமாட்டான் என்ற கணக்கும் அதில் உண்டு.

இன்னொரு பொருத்தம்: மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் பேயர் என்று எழுதிய அந்தச் சிலுவைச் சின்னமும் 1904-இல் வந்ததுதான். சின்னமும் சங்கமும் ஒரே வயது.

ஆரம்பத்திலிருந்தே கால்பந்துதான் ஆடினார்களா?

இல்லை. தொடங்கியது உடற்பயிற்சிச் சங்கமாக. அந்தக் காலத்து ஜெர்மனியில் விளையாட்டு என்றால் பார், வளையம், தாண்டு குதிரை. கால்பந்து இங்கிலாந்திலிருந்து வந்த காட்டுத்தனமான ஆட்டம் என்று உடற்பயிற்சிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். லெவர்குசனில் கால்பந்துப் பிரிவு தொடங்கியது 1907 மே 31 அன்று. அப்புறம் இருபது வருடம் இரண்டு தரப்பும் ஒரே கூரையின் கீழ் முறைத்துக்கொண்டே இருந்தன.

1928-இல் பாகப்பிரிவினை ஆனது. உடற்பயிற்சிக்காரர்கள் ஒரு சங்கமாகவும், கால்பந்து, ஹேண்ட்பால், குத்துச்சண்டை, தடகளம் ஆகியவை இன்னொரு சங்கமாகவும் பிரிந்தன. சிவப்பும் கறுப்பும் கால்பந்துக்காரர்களோடு போய்விட்டன. மற்றவர்கள் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் மாறினார்கள். மீண்டும் இணைய 1984 வரை ஆயிற்று.

இந்தச் சங்கத்தின் பிற விளையாட்டுகளைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கூடைப்பந்தில் 14 முறை ஜெர்மன் சாம்பியன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஹைக்கே ஹென்கல் இந்தச் சங்கத்து வீராங்கனைதான். ரொம்ப காலம் கால்பந்தைவிட மற்ற பிரிவுகள்தான் கோப்பைகளைக் கொண்டுவந்தன.

நாஜி காலத்தில் என்ன நடந்தது?

1925-இல் பேயர் மற்ற ரசாயன நிறுவனங்களோடு சேர்ந்து ஐ.ஜி. ஃபார்பன் என்ற மாபெரும் கூட்டமைப்புக்குள் போனது. ஹிட்லர் ஆட்சியின் போர்ப் பொருளாதாரத்தில் ஐ.ஜி. ஃபார்பன் முக்கியப் பங்கு வகித்தது, அடிமை உழைப்பைப் பயன்படுத்தியது, அதன் நிர்வாகிகள் போருக்குப் பின் நியூரம்பெர்க்கில் விசாரிக்கப்பட்டார்கள். லெவர்குசன் ஆலையிலும் கட்டாயத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். நேச நாடுகள் அந்தக் கூட்டமைப்பை உடைத்தன. பேயர் 1951-இல் மீண்டும் தனி நிறுவனமானது. பந்தாட்ட அணி முதல்முறையாக பேயர் சிலுவையை ஜெர்சியில் அணிந்தது 1936-இல், இந்தக் கூட்டமைப்புக் காலத்தின் நடுவில். கம்பெனி அணி என்ற பெருமையைச் சொல்லும்போது அந்தக் கம்பெனி கடந்து வந்த இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணக்காரக் கம்பெனி பின்னால் இருந்தும் முதல் பிரிவுக்கு வர ஏன் 1979 வரை ஆயிற்று?

கம்பெனி அப்போது கால்பந்தில் பெரிய பணம் போடவில்லை என்பதுதான் எளிய பதில். அவர்களுக்கு இது ஊழியர் நலத் திட்டம். 1951-இல் மேற்கு மண்டல உச்சப் பிரிவுக்கு ஏறினார்கள், 1956-இல் இறங்கினார்கள், 1962-இல் திரும்ப ஏறினார்கள். 1963-இல் புண்டஸ்லிகா தொடங்கியபோது தேர்ந்தெடுத்த 16 அணிகளில் இவர்கள் இல்லை. 1973-இல் மூன்றாம் படிக்கே சரிந்தார்கள். 1975-இல் இரண்டாம் பிரிவு, 1979-இல் வில்லிபெர்ட் கிரெமர் பயிற்சியில் அந்தப் பிரிவை வென்று புண்டஸ்லிகா. அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை.

ஒருமுறைகூடவா? பக்கத்தில் போனதுண்டா?

ஒருமுறை மயிரிழையில் தப்பினார்கள். 1996 மே, கடைசி நாள். எதிரணி கைசர்ஸ்லவுட்டன். தோற்றால் லெவர்குசன் கீழ்ப்பிரிவுக்குப் போகும், ஜெயிக்காவிட்டால் கைசர்ஸ்லவுட்டன் போகும். கைசர்ஸ்லவுட்டன் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது மார்க்கஸ் மூன்ஷ் ஒரு கோல் போட்டார். 1-1. புண்டஸ்லிகா தொடங்கிய நாளிலிருந்து இருந்த கைசர்ஸ்லவுட்டன் முதல்முறையாக இறங்கியது.

லெவர்குசனின் ரூடி ஃபோலருக்கு அதுதான் கடைசி ஆட்டம். 1990 உலகக் கோப்பையை ஜெர்மனிக்காக அவரோடு சேர்ந்து வென்ற ஆண்ட்ரியாஸ் பிரேமே எதிரணியில். ஆட்டம் முடிந்ததும் ஃபோலரின் தோளில் சாய்ந்து பிரேமே தேம்பித் தேம்பி அழுதார். ஜெர்மன் கால்பந்து பார்த்த யாருக்கும் அந்தக் காட்சி மறக்காது.

முதல் கோப்பை எது?

ஐரோப்பிய அணிகள் மோதும் யூஃபா கோப்பை, 1988-இல். பயிற்சியாளர் எரிக் ரிப்பெக். இறுதியாட்டம் இரண்டு சுற்று, எதிரணி ஸ்பெயினின் எஸ்பான்யோல். பார்சிலோனாவில் நடந்த முதல் சுற்றில் 3-0 என்று தோல்வி. இரண்டு வாரம் கழித்து லெவர்குசனில் இரண்டாவது சுற்று. இடைவேளை வரை 0-0. யாராக இருந்தாலும் டிவியை அணைத்திருப்பார்கள். அப்புறம் பிரேசிலின் டிட்டா ஒன்று, ஃபால்கோ கோட்ஸ் ஒன்று, 81-ஆவது நிமிடம் தென்கொரியாவின் சா பும்-குன் தலையால் முட்டி இன்னொன்று. 3-0. பெனால்டியில் 3-2 என்று வெற்றி. முதல் சுற்றில் இரண்டு கோல் போட்டிருந்த எஸ்பான்யோலின் லோசாடா தன் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார்.

சா பும்-குன் பற்றி ஒரு வார்த்தை. ஆசிய ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவில் அபூர்வமாக இருந்த காலத்தில் வந்தவர். ஃபிராங்க்பர்ட்டோடு 1980-இல் இதே கோப்பையை வென்றவர். 2013-இல் சன் ஹியூங்-மின் லெவர்குசனுக்கு வந்தபோது கொரியாவில் அது பழைய சொந்தவீடு மாதிரிப் பேசப்பட்டதற்கு இவர்தான் காரணம்.

அடுத்த கோப்பை 1993-இல் வந்த ஜெர்மன் கோப்பை. இறுதியில் எதிரணி ஹெர்த்தா பெர்லினின் இரண்டாம் அணி! உல்ஃப் கிர்ஸ்டன் போட்ட ஒரே கோலில் 1-0. அதற்கப்புறம் 31 வருடம் ஒன்றும் இல்லை.

பெர்லின் சுவர் விழுந்ததும் கிழக்கு ஜெர்மன் வீரர்களைத் தூக்கிவந்தது இவர்கள்தானா?

முதலில் ஓடியது இவர்கள்தான். சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. ஆறே நாளில் வியன்னாவில் கிழக்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் உலகக் கோப்பைத் தகுதியாட்டம். லெவர்குசன் மேலாளர் ரைனர் கால்முண்ட் புகைப்படக்காரர் வேடத்தில் ஓர் ஆளை மைதானத்துக்குள் அனுப்பி, வீரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கே போய்ப் பேசவைத்தார். டைனமோ பெர்லினின் ஆண்ட்ரியாஸ் தோம் முறைப்படி புண்டஸ்லிகாவுக்கு மாறிய முதல் கிழக்கு ஜெர்மன் வீரரானார். 1990-இல் டிரெஸ்டனிலிருந்து உல்ஃப் கிர்ஸ்டன் வந்தார், 2003 வரை இருந்தார், அணிக்காக 180-க்கும் மேற்பட்ட லீக் கோல்கள் போட்டார்.

குண்டான உடம்பும் ஓயாத பேச்சுமாக இருந்த கால்முண்டுக்கு பிரேசிலிலும் நல்ல பிடிப்பு. ஜோர்ஜின்யோ, பாவ்லோ செர்ஜியோ, எமர்சன், செ ராபர்ட்டோ, லூசியோ என்று வரிசையாக ஆட்கள் ரைன் கரைக்கு வந்தார்கள். கம்பெனி பணம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பணத்தை வைத்து யாரைக் கூட்டி வரவேண்டும் என்று தெரிந்தவர் அவர்தான்.

‘ஃபீட்செகுசன்’ என்றால் என்ன?

ஜெர்மன் மொழியில் ‘ஃபீட்சே’ என்றால் துணை, அடுத்த நிலை. துணைத்தலைவர் என்பதில் வரும் ‘துணை’. எப்போதும் இரண்டாம் இடம்தான் என்று கேலி செய்ய ஊர்ப் பெயரில் அதை ஒட்டவைத்தார்கள். தமிழில் சொன்னால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத ஊர்.

லீக்கில் 1997, 1999, 2000, 2002 என்று ஆறு வருடத்தில் நான்கு முறை இரண்டாம் இடம். இதில் இரண்டு கதைகளை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலாவது 2000 மே 20. கடைசி நாள். கிறிஸ்டோஃப் டவும் பயிற்சியாளர். பேயர்னைவிட மூன்று புள்ளி முன்னிலை. ஒரு டிரா போதும். எதிரணி மியூனிக்கை ஒட்டிய சின்ன ஊரான உன்டர்ஹாகிங். ஆட்டத்தின் 20 நிமிட அளவில் மிகைல் பாலாக் பந்தைத் தடுக்கப்போய்ச் சொந்த வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். நாம் சொல்வோமே, சேம் சைடு கோல், அதேதான். அப்புறம் இன்னொரு கோல். 2-0 தோல்வி. அதே நேரத்தில் சில மைல் தள்ளி பேயர்ன் 3-1 என்று ஜெயித்தது. இரண்டு அணிக்கும் 73 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் பட்டம் மியூனிக்குக்குப் போனது.

இரண்டாவது 2002. இதை நினைத்தால் எதிரணி ரசிகனுக்குக்கூட மனசு கஷ்டப்படும். கிளவுஸ் டாப்முல்லர் பயிற்சியில் அந்த அணி ஆடிய ஆட்டம் அப்படி. லிவர்பூலை 4-2 என்று வீழ்த்தினார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டை அரையிறுதியில் வெளியேற்றினார்கள். லீக்கில் மூன்று ஆட்டம் மிச்சம், ஐந்து புள்ளி முன்னிலை. அங்கிருந்து பிரேமனிடம் சொந்த ஊரில் தோல்வி, நியூரம்பெர்க்கில் தோல்வி. டார்ட்முண்ட் 70 புள்ளி, லெவர்குசன் 69. மே 11 அன்று ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கேயிடம் 4-2 என்று தோல்வி. நான்கு நாள் கழித்து கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, ரியல் மாட்ரிட். ரவுல் கோல் போட, லூசியோ சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன் வானத்திலிருந்து இறங்கிய பந்தை ஜிடான் இடது காலால் அடித்த அடி. அத்தோடு முடிந்தது. 2-1.

அதோடு விட்டதா என்றால் இல்லை. பாலாக், ஷ்னைடர், ராமலோ, நாய்வில் ஆகியோர் அந்தக் கோடையில் ஜெர்மனியோடு உலகக் கோப்பை இறுதிக்குப் போய் அங்கேயும் இரண்டாம் இடம். அதிலும் பாலாக் தடை காரணமாக இறுதியில் ஆடவே முடியவில்லை. ஜெயித்தது பிரேசில். அந்த அணியில் லூசியோ இருந்தார், அதனால் லெவர்குசன்காரர் ஒருவருக்காவது அந்த வருடம் தங்கம் கிடைத்தது.

ஆட்டத்தைவிட ரசிக்கத்தக்க ஒரு விஷயம்: 2010-இல் ‘ஃபீட்செகுசன்’ என்ற கேலிப் பெயரை அணி நிர்வாகமே வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. மருந்துக் கம்பெனிக்காரர்களுக்குக் காப்புரிமை எடுப்பது கைவந்த கலை!

ஜெர்மனியில் ‘50+1’ விதி இருக்கிறதே. இவர்களுக்கு மட்டும் எப்படி விலக்கு?

1998-இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அணிகள் தங்கள் தொழில்முறைப் பிரிவைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ள அனுமதித்தது. ஆனால் வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒரு வாக்காவது உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்றது. 50+1 என்பது அதுதான். பணம் போடலாம், ஆனால் முடிவெடுப்பது உறுப்பினர்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: 1999 ஜனவரி 1-க்கு முன்பே 20 வருடத்துக்கு மேல் தொடர்ந்து ஆதரித்த நிறுவனம் என்றால் முழுக் கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பொருந்தியவை இரண்டே இரண்டு: லெவர்குசனின் பேயர், வொல்ஃப்ஸ்பர்கின் ஃபோக்ஸ்வாகன். வெளிப்படையாகச் சொன்னால், இந்த இரண்டு அணிகளையும் மனதில் வைத்தே எழுதிய விலக்கு. பிறகு ஹோஃபன்ஹைமுக்கும் அது கிடைத்தது. அங்கே அணியின் புரவலர் டீட்மர் ஹோப் அதை 2023-இல் தானாகவே விட்டுக்கொடுத்தார்.

1999-இல் லெவர்குசன் கால்பந்துப் பிரிவு தனிக் கம்பெனியானது. அதன் 100 சதவீத உரிமையும் பேயரிடம். இரண்டுக்கும் இடையே லாபநட்ட ஒப்பந்தம் உண்டு. லாபம் வந்தால் தாய் நிறுவனத்துக்கு, நட்டம் வந்தால் தாய் நிறுவனம் ஈடுகட்டும்.

இந்த ஏற்பாடு கல்லில் செதுக்கியது அல்ல. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்று ஜெர்மனியின் போட்டி ஒழுங்குமுறை அலுவலகம் 2021-இலேயே கேள்வி எழுப்பியது. 2025-இல் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. மற்ற ரசிகர்கள் கேட்பதும் அதுதான், அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 1904-இலிருந்து கூட இருந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அது ஒரு ரசிகனுக்கு வாக்கு இல்லாமல் போவதற்கான பதில் ஆகாது.

அணியின் பெயரில் கம்பெனி பெயர் வைக்க ஜெர்மனியில் தடை இல்லையா?

உண்டு. பிரவுன்ஷ்வைக் அணியின் பெயரையே ஒரு மதுவின் பெயரான யேகர்மைஸ்டர் என்று மாற்றப் பார்த்தபோது ஜெர்மன் கால்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. ரெட் புல் 2009-இல் லைப்சிக்கில் அணி தொடங்கியபோது ‘ஆர்பி’ என்ற எழுத்துகளுக்குப் ‘புல்தரைப் பந்தாட்டம்’ என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லைப் புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. பேயருக்கு அந்தச் சிக்கல் இல்லை. விதி வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயர் இருந்தது.

அப்படியானால் ஜெர்சியில் ஏன் வேறு கம்பெனிகளின் பெயர் இருக்கிறது?

சின்னத்தில் பேயர் சிலுவை இருக்கிறது, பெயரில் பேயர் இருக்கிறது, ஸ்டேடியம் பே-அரேனா. இதற்குமேல் நெஞ்சிலும் எழுத என்ன இருக்கிறது? அந்த இடத்தை விற்றால் வருமானம். எல்ஜி இருந்தது, 2016-இலிருந்து பார்மேனியா காப்பீட்டு நிறுவனம். ஒரு காலத்தில் ஆஸ்பிரின் என்றே நெஞ்சில் எழுதிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

எதிரணி ரசிகர்கள் என்ன சொல்லிக் கேலி செய்வார்கள்?

‘மாத்திரை உருட்டிகள்’. பிளாஸ்டிக் அணி என்பதும் உண்டு. லெவர்குசன் ரசிகர்கள் தங்கள் அணியை ‘வெர்க்ஸ்எல்ஃப்’, அதாவது ‘ஆலைப் பதினொருவர்’ என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். வசவை வாங்கிப் பட்டமாகச் சூட்டிக்கொள்வது இந்த ஊருக்குப் பழகிவிட்டது.

கம்பெனி கைவிட்டால் இப்படிப்பட்ட அணி என்ன ஆகும்?

யூகிக்கத் தேவையில்லை, பேயர் ஏற்கெனவே ஒரு அணியைக் கைவிட்டிருக்கிறது. பெயர் பேயர் 05 உர்டிங்கன், கிரேஃபெல்ட் நகரத்து அணி. பலருக்கு இது தெரியாது. 1985-இல் ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்ன் மியூனிக்கையே 2-1 என்று தோற்கடித்தவர்கள். அதாவது லெவர்குசன் ஜெயிக்கும் முன்பே, பேயர் குடும்பத்தில் முதல் பெரிய கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளை இவர்கள்தான். 1986-இல் டிரெஸ்டனுக்கு எதிராக முதல் சுற்றில் 2-0 என்று தோற்று, இரண்டாவது சுற்றின் இடைவேளையில் 3-1 என்று பின்தங்கியிருந்து, கடைசியில் 7-3 என்று ஜெயித்தார்கள். ஜெர்மனியில் இன்றும் பேசப்படும் ஆட்டம்.

1995-இல் பேயர் விலகியது. இரண்டு அணிகளுக்குப் பணம் தருவது வீண், ஒன்றே போதும் என்ற முடிவு. உர்டிங்கன் பெயரிலிருந்து பேயர் போய் கேஎஃப்சி ஆனது. அடுத்த வருடமே முதல் பிரிவிலிருந்து இறங்கினார்கள், திரும்ப வரவே இல்லை. திவால், கீழ்ப்பிரிவு, புது முதலாளி, மறுபடி திவால் என்று போகிறது கதை. 50+1 தேவையா என்று யாராவது கேட்டால் நான் லெவர்குசனைக் காட்டமாட்டேன், கிரேஃபெல்டைக் காட்டுவேன்.

2023-24-இல் அப்படி என்னதான் நடந்தது?

2022 அக்டோபரில் சாபி அலோன்சோ பொறுப்பேற்றபோது அணி 18-இல் 17-ஆவது இடம். அவர் அதற்குமுன் பயிற்சி கொடுத்தது ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணிக்கு. அந்தப் பருவத்தை ஆறாம் இடத்தில் முடித்தார்கள். அடுத்த கோடையில் கிரனிட் சாக்கா, அலெக்ஸ் கிரிமால்டோ, விக்டர் போனிஃபேஸ், யோனாஸ் ஹோஃப்மன் வந்தார்கள். ஏற்கெனவே ஃபுளோரியன் விர்ட்ஸ் இருந்தார்.

2024 ஏப்ரல் 14 அன்று பிரேமனை 5-0 என்று அடித்து, இன்னும் ஐந்து ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே பட்டம். விர்ட்ஸ் ஹாட்ரிக். கடைசிக் கோலுக்கு முன்பே ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். பேயர்ன் தொடர்ந்து வென்ற 11 பட்டங்களின் வரிசை அறுந்தது. மொத்தக் கணக்கு: 34 ஆட்டம், 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி. புண்டஸ்லிகாவில் தோல்வியே இல்லாமல் யாரும் சாம்பியன் ஆனது அதுதான் முதல்முறை.

அந்தப் பருவத்தின் ருசி கடைசி நிமிடங்களில் இருந்தது. தோற்றுவிட்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு கோல் வரும். கராபாக்கோடு 90 நிமிடம் தாண்டிய கடைசி நிமிடங்களில் பாட்ரிக் ஷிக் இரண்டு கோல் போட்டார். ரோமாவோடு 97-ஆவது நிமிடத்தில் ஸ்டானிஷிச் சமன் செய்தார். அந்த ஸ்டானிஷிச் பேயர்ன் மியூனிக்கிடமிருந்து இரவல் வாங்கிவந்த ஆள். பிப்ரவரியில் பேயர்னையே 3-0 என்று வென்றபோது முதல் கோலும் அவருடையதுதான். கடன் கொடுத்தவனையே அடிப்பது என்றால் இதுதான்.

எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 51 ஆட்டம் தோல்வியில்லை. 52-ஆவது, டப்ளினில் யூரோப்பா லீக் இறுதி. அட்டலாண்டாவின் லுக்மன் ஹாட்ரிக் போட்டு 3-0. ஃபீட்செகுசன் பேய் திரும்ப வந்துவிட்டதோ என்று பலர் நினைத்தார்கள். மூன்றே நாளில் பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி. எதிரணி யார் தெரியுமா? அதே கைசர்ஸ்லவுட்டன், இப்போது இரண்டாம் பிரிவில். சாக்கா தூரத்திலிருந்து அடித்த ஒரே கோல், இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டையில் ஓர் ஆள் குறைவு, மிச்ச நேரம் பத்துப் பேரோடு சமாளிப்பு. 1-0. இரட்டைப் பட்டம்.

இந்த வெற்றி கம்பெனிப் பணத்தால் வந்ததா?

ஓரளவுக்கு. நட்டத்துக்குப் பயப்படாமல் பொறுமையாகத் திட்டம்போட முடிவது பெரிய வசதி. ஆனால் பேயர்ன் மியூனிக்கோடு ஒப்பிட்டால் சம்பளச் செலவு வெகு குறைவு. காய் ஹாவெர்ட்ஸ் என்ற இளம் வீரரை 2020-இல் செல்சிக்குப் பெரிய தொகைக்கு விற்றார்கள். அதற்கும் சில மாதம் முன்னால்தான் 16 வயது விர்ட்ஸைக் கொலோனிடமிருந்து கூட்டிவந்திருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. சின்ன வயதில் எடுத்து, வளர்த்து, விற்பதுதான் இவர்களின் பிழைப்பு.

ஸ்டேடியத்துக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பேயர் தலைவராக இருந்த உல்ரிக் ஹாபர்லண்ட் பெயரில் 1950-களில் திறந்த மைதானம். 1998-இல் பே-அரேனா ஆனது. இப்போது சுமார் 30,000 பேர் உட்காரலாம். முதல் தர அணிக்குச் சின்னதுதான், ஊரும் சின்னதுதான். இரவில் போனால் ஆலைப் பக்கம் திரும்பிப் பாருங்கள்: 51 மீட்டர் விட்டத்தில் விளக்கெரியும் பேயர் சிலுவை நெடுந்தூரம் தெரியும்.

இப்போது அணி எப்படி இருக்கிறது?

2025 கோடையில் அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். விர்ட்ஸும் ஃபிரிம்பாங்கும் லிவர்பூலுக்கு, தாஹ் பேயர்னுக்கு, சாக்கா சண்டர்லண்டுக்கு. புதிதாக வந்த பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் இரண்டே லீக் ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். புண்டஸ்லிகாவில் இவ்வளவு சீக்கிரம் யாரையும் நீக்கியதில்லை. அவர் இடத்தில் டென்மார்க்கின் காஸ்பர் ஹ்யூல்மண்ட் வந்து, புது ஆட்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.